'சமூகக் காரணம்' என்றொரு நோய்!

எங்கள் ஊர் ஜலகண்டாபுரத்தில் ரகசியம் பேச முடியாது. காரணம், விசைத்தறி! 'டடக் டடக்' என்று ஆரம்பித்தால் ராத்திரி ஷிப்ட் முடிகிறவரை ஓயாது. பக்கத்தில் நிற்கிறவரிடம் "அரைக் கிலோ உப்பு வாங்கிட்டு வா" என்பதைக்கூட மேச்சேரிக்குக் கேட்கிற மாதிரி கத்தித்தான் சொல்ல வேண்டும். புதிதாக வருகிற வெளியூர்க்காரர்கள், "ஏன் இந்த ஊர்ல எல்லாரும் சண்டை போட்டுக்கிறாங்க?" என்று மிரண்டு போவார்கள். சண்டை இல்லைங்க, அது குசலம் விசாரிப்பு!

அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரே ஒரு சமாச்சாரத்தை மட்டும் பெண்கள் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். அதுவும் கரண்ட் போன நேரமாகப் பார்த்து. சின்னப் பையனாக நான் பக்கத்தில் போனால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். "அவ வூட்ல பொறந்தது போயிருச்சாம்..." என்று ஆரம்பித்ததை "...தக்காளி என்ன வெல விக்குது?" என்று முடிப்பார்கள்.

அது என்ன என்று எனக்குத் தெரிந்தது 1993-ல். சொல்லிக் கொடுத்தது ஒரு ஜீப்!

பி.காம். முடித்துவிட்டு, டீக்கடை பெஞ்சைத் தேய்ப்பதையே உத்தியோகமாகக் கொண்டிருந்த காலம். ஒரு தொண்டு நிறுவனத்தின் ஜீப் ஊருக்குள் வந்து நின்றது. ஜோல்னாப்பையோடு நாலைந்து பேர் இறங்கினார்கள். கோயில் திண்ணையில் கூட்டம். டீயும் பன்னும் உண்டு என்றதால் நல்ல கூட்டம்! ஒருத்தர் மைக்கைப் பிடித்து, "கிராம மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தவே வந்திருக்கிறோம்" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு தறிக்காரர், "ராத்திரி ஷிப்ட் முழுக்க விழிச்சிக்கிட்டுத்தாங்க இருக்கறோம். தூங்கறதுக்கு எதுனா திட்டம் இருந்தாச் சொல்லுங்க" என்றாரே பார்க்கலாம்!

எங்களுக்கெல்லாம் அந்த ஆட்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. 'வெளிநாட்டுக் காசு வாங்குற பார்ட்டிங்க', 'போட்டோ புடிச்சு அனுப்பிக் காசாக்குவானுங்க' என்றுதான் பேச்சு. முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். மூன்று வருஷத்துக்கு 'புராஜெக்ட்', பணம் தீர்ந்ததும் போர்டைக் கழற்றிக்கொண்டு நடையைக் கட்டிய கோஷ்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த ஜீப்பில் வந்த ஓர் அக்கா வேறு மாதிரி. திண்டுக்கல் பக்கம். மைக்கைத் தொடவே இல்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "தம்பி, உங்க கையெழுத்து நல்லா இருக்குமா?" என்று கேட்டார். 'சர்வே' எடுக்க உள்ளூர்ப் பையன் ஒருத்தன் தேவையாம். ஃபாரத்துக்கு ரெண்டு ரூபாய். பேனா அவர்களுடையது. உடனே சம்மதித்துவிட்டேன்!

சேலம் மாவட்டத்தில் பெண் சிசுக்கொலை என்பது அப்போது பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் 1985-ல் ஜூனியர் விகடனும், 1986-ல் இந்தியா டுடேயும் உசிலம்பட்டியைப் பற்றி எழுதி, நாடே 'ஆ' என்று வாயைப் பிளந்தது. பெண் சிசுக்கொலை என்றாலே உசிலம்பட்டிதான் என்று ஆகிப்போனது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. 'அதெல்லாம் மதுரைப் பக்கமுங்க.'

அந்த நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. சென்னையைச் சேர்ந்த 'கம்யூனிட்டி சர்வீசஸ் கில்டு' என்ற அமைப்பு சேலம் பகுதியில் 1,250 குடும்பங்களை விசாரித்தது. அவற்றில் 249 குடும்பங்கள், 'ஆமாம், வேண்டாத பெண் குழந்தையை இல்லாமல் செய்தோம்' என்று வாயாலேயே ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்டவர்களே இவ்வளவு என்றால், மென்று முழுங்கியவர்கள்? 1991 மக்கள்தொகைக் கணக்கிலும் இது பளிச்சென்று தெரிந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆயிரம் பையன்களுக்கு இத்தனை பெண்கள் என்று ஒரு கணக்குப் போடுவார்கள். தமிழ்நாட்டுக்கு அது 948. நாமக்கல் பிரியாத அன்றைய சேலம் மாவட்டத்துக்கு 849!

மாநில சராசரிக்கு நூறு குறைவு. கொலை என்று எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் பதிவாகாத நூறு.

*

அக்கா எனக்குக் கொடுத்த முதல் பாடம்: "கொன்னீங்களான்னு மட்டும் கேட்டுடாதீங்க தம்பி. வெளக்கமாத்தால அடிப்பாங்க. அடிச்சாலும் தப்பில்ல."

பின்னே எப்படிக் கேட்பதாம்?

"எத்தனை தரம் முழுகாம இருந்தீங்கன்னு கேளுங்க. அப்புறம் மொத குழந்தை ஆணா பொண்ணா, இப்ப இருக்கா, ரெண்டாவது என்ன... இப்படி வரிசையா. கணக்கு தானா வரும். இல்லாத குழந்தை எத்தனை நாள் இருந்துச்சு, எதனால போச்சுன்னு கடைசியா மெல்லக் கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே எழுதணும். நீங்களா எதையும் சேர்க்கக் கூடாது, முகத்தைச் சுளிக்கவும் கூடாது."

நான் கேட்டால் எந்தப் பொம்பளை பதில் சொல்வாள்? அக்கா கேட்பார், நான் எழுதுவேன். தறியை நிறுத்தினால் கூலி போச்சு என்பதால், ஓடுகிற தறிக்குப் பக்கத்திலேயே கேள்வி-பதில். கத்திக் கேட்கிற விஷயமா அது? அக்கா அந்தப் பெண்ணின் காதோரம் வாய் வைத்துக் கேட்பார். பதிலை என் காதோரம் வந்து சொல்வார்.

பத்து வீடு தாண்டுவதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. இறந்துபோன பையன்கள் விதவிதமாக இறந்திருந்தார்கள். காய்ச்சல், பேதி, மஞ்சக்காமாலை, கிணற்றில் விழுந்தது. இறந்துபோன பெண்களில் பலர் ஒரே மாதிரி இறந்திருந்தார்கள். மூணாம் நாள்... அஞ்சாம் நாள்... 'மாந்தம்'. முதல் பெண் பெரும்பாலும் தப்பித்துவிட்டாள். மாந்தம் ரெண்டாவது, மூணாவது பெண்ணாகப் பார்த்துத்தான் வந்தது. அது எப்படிங்க, மாந்தத்துக்கு எண்ணத் தெரியுமா?

எப்படிச் செய்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் காலப் பத்திரிகைகள் தேவைக்கு அதிகமாகவே எழுதிவிட்டன. ஏன் என்பதை மட்டும் ஒரு பாட்டி சொன்ன மாதிரியே சொல்கிறேன். "ஏஞ்சாமி, பொட்டப்புள்ளைன்னா கல்யாணத்தோட செலவு போயிருமா? காதுகுத்து, சடங்கு, பவுனு, அப்புறம் தீபாவளிச் சீரு, ஆடிச் சீரு, பிரசவம், அவ பெத்ததுக்குக் காதுகுத்து... நாங்க சாகறவரைக்கும் குடுத்துக்கிட்டே இருக்கோணும். தறிக்கு அட்வான்ஸ் வாங்கியே மூணு தலைமுறைக் கடன் நிக்குது." அந்தப் பாட்டி அழவில்லை. கணக்குச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

நாலாவது நாள் எங்கள் வீட்டு வரிசை வந்தது.

நான் வேண்டுமென்றே பக்கத்து வீட்டோடு நிறுத்தப் பார்த்தேன். அக்கா விடவில்லை. "ஒரு வீட்டை விட்டா சர்வேயே தப்பு தம்பி." எங்கள் வீட்டில் பிள்ளைகள் ரெண்டு பேர். நான், என் தம்பி. அம்மா திண்ணையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அக்கா வழக்கம்போல ஆரம்பித்தார். எத்தனை தரம்மா முழுகாம இருந்தீங்க?

"மூணு" என்றாள் அம்மா.

நான் நிமிரவில்லை. 'மூணு' என்று எழுதினேன். முதலாவது ஆண், உயிரோடு. ரெண்டாவது பெண். நாலு நாள். எதனால் என்ற கட்டத்துக்கு வந்தபோது அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். உள்ளே பாட்டி இருமுகிற சத்தம் கேட்டது.

"மாந்தம்" என்றாள்.

என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே எழுத வேண்டும், முகத்தைச் சுளிக்கக் கூடாது. எழுதினேன். அடுத்த வீட்டுக்குப் போனோம். அந்த ஃபாரத்துக்கும் எனக்கு ரெண்டு ரூபாய் வந்தது.

*

பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், ஆரம்ப சுகாதார நிலைய ரிஜிஸ்தர்களிலும் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள் என்று. கிராம நர்ஸுக்கு எந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரியும். கொலை என்று எழுதினால் போலீஸ் வரும், அடுத்த தடவை அந்தத் தெருவில் அவரை யாரும் உள்ளே விடமாட்டார்கள். மாந்தம் என்று எழுதினால் பொய். அதனால் சிசு மரணத்துக்கான காரணம் என்ற இடத்தில் 'சமூகக் காரணங்கள்' என்று எழுதப்பட்டது. நிமோனியா, பேதி, குறைப்பிரசவம் வரிசையில் இதுவும் ஒரு வியாதி!

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த ரெண்டு வார்த்தைதான் பிற்பாடு ரொம்ப உதவியது. ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும், பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அந்த ரிஜிஸ்தர்களை வைத்து 1997-ல் 'எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி'யில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து சேலம், தர்மபுரி வழியாக வட ஆற்காடுவரை ஒரு பட்டையாக இது பரவிக் கிடப்பதைக் காட்டினார்கள். அதற்கும் முன்பே, 1986-லிருந்து நாலு வருஷம் போல, சாபு ஜார்ஜ் என்கிற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தையையும் கணக்கு வைத்து இதையே கண்டிருந்தார்கள்.

இங்கேதான் அந்த ஜோல்னாப்பைக்காரர்களைப் பற்றி என் அபிப்பிராயம் மாறியது. கோஷம், பாட்டு, ஊர்வலம் எல்லாம் சரி. அதனால் எங்கள் தெருவில் ஒரு குழந்தை பிழைத்ததா என்றால் எனக்குச் சந்தேகம்தான். (தர்மபுரி மாவட்டத்தில் 1998-ல் ஊர் ஊராகப் போன 'கலைப்பயணம்' நாடகங்கள் மட்டும் விதிவிலக்கு. அதில் நடித்தவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணே மேடையில் மாமியாராக வந்து திட்டினால் யாருக்குத்தான் உறைக்காது!) அவர்கள் செய்த பெரிய வேலை எண்ணியது. நாங்கள் 'மாந்தம்' என்று திண்ணையில் மூடி வைத்ததை எண்ணி, கூட்டி, சென்னைக் கோட்டையில் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தார்கள். நம்பரைப் பார்த்துவிட்டால் எந்த சர்க்காரும் பார்க்காத மாதிரி இருக்க முடியாது.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1992-ல் முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஆரம்பித்த இடம், நம்ம சேலம்! (எதற்கெடுத்தாலும் சேலத்தில்தான் வெள்ளோட்டம். 1937-ல் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டு வந்தபோதும் முதல் மாவட்டம் இதுதான்.) பெண் குழந்தை வேண்டாமென்றால் கொல்லாதீர்கள், தொட்டிலில் போடுங்கள், அரசு வளர்க்கும். அதே வருஷம் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமும் வந்தது. பெண் குழந்தை பெயரில் அரசு பணம் போட்டு வைக்கும்.

'சபாஷ்' என்று கை தட்டியவர்கள் நிறைய. அந்தத் தொண்டு அமைப்புகளில் பலவும் கை தட்டும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! சண்டைக்குப் போனார்கள். எனக்குக்கூட அப்போது எரிச்சலாக இருந்தது. உயிர் பிழைத்தால் போதாதா, இவர்களுக்கு என்னதான் வேண்டும்?

அக்காவிடமே கேட்டேன். "தம்பி, பொண்ணு வேண்டாம்னா எங்ககிட்ட குடுத்துடுங்கன்னு சர்க்காரே சொன்னா, பொண்ணுன்னா வேண்டாம்னு நெனைக்கலாம்னு அர்த்தம் ஆயிடாதா? பவுன் கேக்கிறவன யார் கேக்குறது?" என்றார். பணத் திட்டத்திலும் ஒரு முடிச்சு இருந்தது. ஆண் குழந்தை இருக்கக் கூடாது, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருக்க வேண்டும். 2011-ல் தொகையை உயர்த்தி, ஒரே பெண் என்றால் 50,000, இரண்டு பெண் என்றால் ஆளுக்கு 25,000 என்று ஆக்கினார்கள். அப்போதும் ஆபரேஷன் நிபந்தனை போகவில்லை. பையன் வேண்டும் என்று காத்திருக்கிற வீட்டுக்கு இந்தத் திட்டம் எட்டவே எட்டாது. அந்த வீட்டில்தானே ஆபத்து?

இருந்தாலும் தொட்டிலை நான் குறை சொல்ல மாட்டேன். அதில் கிடந்து பிழைத்து, இன்று முப்பது வயசில் எங்கோ ஒரு பெண் பஸ் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள். அவளிடம் போய் 'கொள்கை ரீதியாக இது தவறு' என்று விளக்க என்னால் ஆகாது. அக்காவோடு இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்றும் கருத்து வேற்றுமைதான்.

ஆனால் இன்னொரு விஷயத்தில் அவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தொண்ணூறுகளில் போலீஸ் வழக்குப் போட ஆரம்பித்தது. கைதானது பெரும்பாலும் யார்? பெற்று நாலு நாள்கூட ஆகாத தாய்! 'வேண்டாம்' என்று முடிவெடுத்த புருஷனும் மாமியாரும் ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டு நின்றார்கள். அவளை உள்ளே தள்ளினால் போதுமா என்று இந்த அமைப்புகள் விடாமல் கேட்டன.

இதற்குள் எங்கள் ஊர்ப் பக்கம் மாந்தமே குறைந்துவிட்டது. ஆஹா, திருந்திவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, 'ஸ்கேன்' வந்துவிட்டது! பிறந்தபின் செய்வதைப் பிறக்குமுன்பே செய்துகொள்ளலாம். நாலு நாள் கூட இல்லை, நாற்பது பேருக்குத் தெரியவும் தெரியாது.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-ல் மத்திய அரசு சட்டம் போட்டது. 1996 ஜனவரி 1 முதல் அமல். இந்தச் சட்டம், அந்தப் பெண்ணைப் புருஷனோ உறவினர்களோ கட்டாயப்படுத்தியதாகத்தான் முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் சட்டம் புத்தகத்தில் தூங்கியது. எழுப்பிவிட்டவர்கள் மறுபடி அதே ஜோல்னாப்பைகள்தான். தமிழ்நாட்டில் 1998-ல் பல அமைப்புகளும் தனி நபர்களும் சேர்ந்து, பாலினம் பார்த்துச் செய்யும் கருக்கலைப்புக்கு எதிராக ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். சுருக்கமாக 'காஸா'. மும்பையின் 'செஹத்', புனேயின் 'மாசும்' என்ற அமைப்புகளும், கே.வி.குப்பத்தில் எண்ணினாரே, அதே சாபு ஜார்ஜும் 2000-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2001 மே 4-ம் தேதி, சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்துங்கள் என்று மத்திய, மாநில அரசுகளுக்குக் கோர்ட் உத்தரவு போட்டது. அந்த வருஷக் கணக்கெடுப்பில் இந்தியாவின் எண்ணிக்கை 945-லிருந்து 927-க்கு இறங்கியிருந்தது. சேலம் 851. பத்து வருஷத்தில் இரண்டே இரண்டு கூடியிருந்தது!

2003-ல் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. ஸ்கேன் சென்டர் வாசலில் 'இங்கே ஆணா பெண்ணா என்று சொல்லப்பட மாட்டாது' என்று போர்டு பார்க்கிறீர்களே, அது சட்டப்படி வைக்க வேண்டிய போர்டு. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 'எஃப்' ஃபாரம் என்று ஒன்று நிரப்ப வேண்டும். ஏன் ஸ்கேன், யார் எழுதிக்கொடுத்தது, இதற்குமுன் எத்தனை குழந்தைகள், அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை... அக்கா திண்ணையில் கேட்ட அதே கேள்விகள்! இதைக் கேட்டபோது எனக்கு அந்த ரெண்டு ரூபாய் ஞாபகம் வந்தது.

போர்டு இருந்தால் மட்டும் போதுமா? "ஆம்பளைன்னா டாக்டர் சிரிப்பாராமுங்க, பொண்ணுன்னா பேசாம சீட்டை நீட்டிருவாராம்" என்று பஸ்ஸில் ஒரு அம்மா அடுத்த ஸீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். எந்த ஊர் டாக்டர் என்று நான் கேட்கவில்லை. சிரிப்பு வராத டாக்டர்களும் இருக்கத்தானே செய்வார்கள்!

2011-ல் சேலம் ஏறக்குறைய 917-க்கு வந்தது. 849-லிருந்து 917. எங்கள் ஜில்லா பரீட்சையில் பாஸான மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம். அக்காவுக்குப் போன் போட்டேன். ரிட்டயர் ஆகி ஊரோடு இருக்கிறார். "தமிழ்நாடு 943 தம்பி. உங்க ஜில்லா இன்னும் 26 கம்மி" என்று வைத்துவிட்டார்! 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் பிறந்தவர்களை எடுத்துக்கொண்டால், தமிழ்நாட்டில் ஆயிரம் ஆணுக்கு 878 பெண் என்று வந்திருக்கிறது. முந்தின தடவை 954. மாதிரிக் கணக்கில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பார்கள். இருக்கட்டும். அக்காவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வருஷம் தம்பிக்கு இரண்டாவதும் பெண் பிறந்தது. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, விரல்களைத் தடவித் தடவி எண்ணிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தறி ஓடவில்லை. கரண்ட் கட்.

"ஏண்டா கண்ணு, அன்னிக்கு அந்தத் திண்டுக்கல் பொண்ணோட வந்து ஒரு காயிதம் எழுதுனியே, அது எங்க போச்சு?" என்றாள்.

"மெட்ராசுக்குப் போச்சும்மா. சர்க்கார் ஆபீசுக்கு."

"நாஞ்சொன்னதத்தான் எழுதுனியா?"

"ஆமாம்மா."

"மாத்தி எழுத முடியுமாடா?" என்றாள்.